ரைட் கொடுத்தது

பெங்களூர் ஆஸ்பத்திரியில் என் தம்பியை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கிண்ணத்துக்குள் எங்காவது சிறு வெளிச்சம் தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தான் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். சத்தமே வராத நீண்ட இடைவெளிகள் இருந்தன. தூங்கிவிட்டானோ என்று எட்டிப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தான். வெளிச்சமும் வந்துகொண்டுதான் இருந்தது. அவனுக்குத்தான் தெரியவில்லை.

மருத்துவர் வயதில் சின்னவர். பொறுமையாகச் சொன்னார். கண் நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம். எவ்வளவு காலம் என்று நான் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்கு இந்த மாதிரி பதில் பிடிக்காது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு துளையின் விட்டத்தைக் கேட்டால் ஆளுக்கு ஆள் மாறும் என்று யாரும் என்னிடம் சொல்லிவிட்டுப் போக முடிந்ததில்லை.

திரும்பி வரும் பேருந்தில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நான் கேட்டேன்.

“என்னாடா தெரியுது இப்ப?”

“ஒரு தட்டு அளவு தெரியுதுண்ணா. நடுவுல நல்லாத்தான் இருக்குது. உன் மூக்கு தெரியுது, மீசை தெரியுது. உன் கையி எங்கன்னு தேடணும்.”

சாலையோரம் பேருந்துக்குக் காத்து நின்ற ஒருவரைக் காட்டி, “அந்த ஆளு தெரியுறாரா?” என்றேன்.

“அவரு முழுசாத் தெரியுறாரு. தூரமா நிக்கறாரில்ல, தட்டுக்குள்ள அடங்கிடறாரு.”

அப்போது நான் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். சொட்டு மருந்தை ஒரு வேளை மறந்தால் என்ன ஆகும் என்ற கவலையில் இருந்தேன்.

என் தம்பி எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ரோஜாத் தோட்டங்களுக்குப் பாலிஹவுஸ் போடும் மேஸ்திரி. ஓசூரைச் சுற்றிலும் எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கமும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் பிளாஸ்டிக் கூடாரங்களில் நூற்றுக்கு மேல் அவன் கையால் எழுந்தவை. நூற்றுப் பதினான்கு என்பது என் கணக்கு. அவன் ஒருபோதும் எண்ணியதில்லை.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இரும்புக் குழாய்களை எந்த நேரத்திலும் நிறுத்தலாம், ஆனால் மேலே ஷீட் போர்த்துவதை மட்டும் விடியற்காலையில், காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு ஷீட்டைப் பிரித்தால் காற்று அதற்கடியில் புகுந்து ஆளோடு தூக்கிவிடும். பாகலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒருமுறை அப்படி நடந்தது. ஷீட்டின் நுனிக் கயிற்றைக் கையில் சுற்றியிருந்த என் தம்பியைக் காற்று கூரைக்கு மேல் ஒரு ஆள் உயரம் தூக்கி, மறுபக்கம் கொட்டியிருந்த எருக் குவியலில் போட்டது. அவனுக்கு அடி எதுவும் படவில்லை. அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, “மேலயிருந்து பாத்தா நான் போட்ட கூரை தண்ணி மாதிரி இருக்குதுண்ணா” என்றான். வேறு எதைப் பற்றியும் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கண் பரிசோதனைக்குப் பிறகு அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்தான். மிச்சப் பார்வையும் போவதற்குள் ஒரு தடவை மேலே போய்த் தன் கூரைகளை எல்லாம் நேர் கீழாகப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும்.

“மலைக் கோயிலுக்குப் போய்ப் பாரு. படிக்கட்டு இருக்குது, கைப்பிடி இருக்குது” என்றேன்.

“மலைமேல நின்னா சாய்வாத்தான் தெரியும். பாதி மறைச்சிக்கும்.”

கைபேசியில் மேலிருந்து எடுத்த வரைபடத்தைக் காட்டினேன். அவனுடைய கூடாரங்கள் பல் வரிசை போல அதில் தெரிந்தன. கண்ணருகே வைத்து, படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தான்.

“இது யாரோ பாத்ததுண்ணா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

விமானத்தில் டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். அதில் ஜன்னல் பக்கவாட்டில்தானே இருக்கிறது என்றான்.

கடைசியில் மேலே போக அவனே ஒன்றைக் கட்ட ஆரம்பித்தான், இஞ்சின் இல்லாத ஒரு மிதவை விமானம். முன்னால் ஒரு வண்டி கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடும். வேகம் பிடித்ததும் பட்டம் மாதிரி எழும்பும். உயரம் போனதும் உள்ளே இருப்பவன் கயிற்றைக் கழற்றிவிட்டு மிதந்து இறங்க வேண்டும். கைபேசியில் யார் யாரோ செய்து காட்டியதைப் பார்த்து, மூக்கண்டப்பள்ளியில் தன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வேலையைத் தொடங்கினான்.

அவன் சேர்த்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இறக்கைக்கு நடுத்தண்டு பழைய அலுமினிய ஏணிகளின் கால்கள். விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள் தொழிற்சாலைகளில் பெட்டிக்குள் வைத்து வரும் தெர்மோகோல். பழைய இஸ்திரிப் பெட்டியின் கம்பியைச் சூடாக்கி அதை வெண்ணெய் போல வெட்டினான். மேல் போர்வை, பாலிஹவுஸ் ஷீட்டேதான். கூடாரத்தில் செய்வது போலவே பள்ளமான அலுமினியச் சட்டத்துக்குள் ஷீட்டின் ஓரத்தைப் போட்டு, வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பியை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். உட்கார, கால்களை அறுத்த பிளாஸ்டிக் நாற்காலி. சக்கரங்கள் ஏதோ குழந்தையின் சைக்கிளுடையவை. வாலைத் திருப்ப சைக்கிள் பிரேக் ஒயர். கயிற்றைக் கழற்ற, காயலான் கடையில் எடுத்த கார் சீட் பெல்ட்டின் பூட்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கயிறு விட்டுவிடும்.

“இதுக்கெல்லாம் பர்மிஷன் வேணும்டா” என்றேன்.

“கயிறு கட்டினா அது விமானமாண்ணா? காத்தாடி. காத்தாடிக்கு எவன்கிட்ட பர்மிஷன்?”

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். எல்லாவற்றையும் எடை போட்டேன். ஒவ்வொரு சட்டத்தையும், ஒவ்வொரு போல்ட்டையும், ஷீட்டைச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்றும். இறக்கைக்கு இருபத்திரண்டு விலாச் சட்டங்கள். அவற்றில் இரண்டின் வளைவு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று அளந்து சொன்னேன். முனகிக்கொண்டே வேறு வெட்டினான். பூட்டை மட்டும் நானே நூறு முறை அழுத்திப் பார்த்தேன். நூறு முறையும் விட்டது. நூற்று ஒன்றாவது முறை விடுமா என்று அன்று படுத்துக்கொண்டு யோசித்தேன்.

மொத்த எடை அறுபத்திரண்டு கிலோ வந்தது. அவன் அறுபத்தாறு கிலோ, இறக்கை தாங்கும் கணக்குக்கு நாலு அதிகம்.

“நீ நாலு கிலோ குறையணும்” என்றேன்.

“தலய கழட்டி வச்சிட்டுப் போறன், சரியாப் போயிடும்.”

தம்பியின் மனைவி கொட்டகை வாசலில் தேநீர்த் தம்ளர்களோடு நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதா கோயிலுக்கு நாள் தவறாமல் போகிறவள். அதிகம் பேச மாட்டாள். தம்ளர்களை வைத்துவிட்டு, “மாமா, இவுரு பேச்சுக்கு நீங்களும் தாளம் போடறீங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல” என்றாள்.

“நான் எடைதான் பாக்கறன்மா.”

“எதுக்குப் பாக்கறீங்க? சவப்பொட்டிக்கா?”

தம்பி சிரித்தான். நானும் அவளும் சிரிக்கவில்லை. அவள் அவனிடம் ஒரு வாக்குறுதி மட்டும் கேட்டாள். ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. ஜெபமாலையை அவன் கையில் வைத்து அதைச் சொல்ல வைத்தாள். அவன் சொன்னான். ஆள் உயரத்திலிருந்து எந்தக் கூரையும் தெரியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பழகப் பழக அவள் மனம் இளகும் என்று அவன் நினைத்திருப்பான். அதற்குள் அவன் அலுத்துப்போவான் என்று நான் நினைத்தேன்.

வண்டி இழுக்கக் கிடைத்தவர் தம்பியின் நண்பர். டவுன் பஸ்ஸிலும் கிருஷ்ணகிரி வண்டியிலுமாக முப்பத்தோரு வருடம் டிரைவர் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வாங்கி ரோஜாப் பெட்டிகளும் மாங்காய் மூட்டைகளும் ஏற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். முதல் நாள் இறக்கையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மேஸ்திரி, காத்துல அந்தப் பக்கம் போயிட்டீங்கன்னா பார்டர் பர்மிட்டு போடணும். டிரைவர் நான் பொறுப்பு இல்ல” என்றார்.

இடம் ஒரு லேஅவுட். எல்லைக்குக் கொஞ்சம் இப்பால், ராகிக் காடாக இருந்த நிலத்தை மனை போட்டு, நாற்பதடித் தார்ச் சாலை போட்டு, வாசலில் வளைவும் வைத்துவிட்டார்கள். வளைவைச் செய்துகொடுத்தவன் தம்பிதான் என்பதால் காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் மஞ்சள் அடித்த மனைக் கற்கள், ஒரு பக்கத்துக்கு நாற்பத்தாறு. வீடு ஒன்றுகூட எழும்பவில்லை. மின்கம்பங்களும் இன்னும் நடவில்லை. எனக்கு அந்த இடத்தில் பிடித்திருந்தது அது ஒன்றுதான்.

ஒரு சிக்கல் இருந்தது. அதை நான்தான் முதலில் சொன்னேன். இறக்கையின் நுனி இரண்டும் தம்பியின் தட்டுக்கு வெளியே இருந்தன. நேரே முன்னால் வண்டியைப் பார்த்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தலையைத் திருப்பி நுனியைப் பார்த்தால் வண்டி தெரியாது. ஆகவே நான் வண்டியின் பின்பக்கத்தில் அவனைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கத்தைக் கைபேசியில் சொல்ல வேண்டும். அவன் ஹெல்மெட்டுக்குள் இயர்போன் மாட்டியிருப்பான்.

டிரைவருக்கு என்ன சைகை என்று பேச்சு வந்தபோது அவரே முடிவு செய்தார்.

“கண்டக்டர் விசில் குடுங்க சார். ஒரு விசிலு நிறுத்து, ரெண்டு விசிலு போ. முப்பது வருஷமா அதான். தூக்கத்துல அடிச்சாக்கூட கால் பிரேக்குக்குப் போயிடும்.”

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் திருப்தியாக இருந்தது. டிரைவருக்கு விசில், தம்பிக்குக் குரல். ஒன்றோடொன்று கலக்க வழியில்லை.

சில காலைகள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும், உடனே உட்கார்ந்துவிடும். சாயவே இல்லை. “நேரா இருக்குது, நேரா இருக்குது” என்று சொல்வதைத் தவிர எனக்கு வேலை இருக்கவில்லை. ஒருமுறை மட்டும் நான் அடித்த விசில் டிரைவருக்குக் கேட்கவில்லை. வண்டி கடைசிக் கல்வரை போய்விட்டது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். அவர் ரப்பரை உரித்துக் கண்ணாடியை எடுத்துவிட்டார். இப்போது என் வாய்க்கும் அவர் காதுக்கும் நடுவில் மூன்றடிதான் இருந்தது.

ஆள் உயரம் போய்ப் பார்ப்பது என்று வைத்த காலை. தம்பியின் மனைவி அதுவரை வந்ததில்லை, அன்று வந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று வளைவுக்குக் கீழேயே நின்றுகொண்டாள். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான். நான் எல்லா ஸ்பிரிங்குகளையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன்.

“போதும்ணா. நீ தடவுனதுலயே பாதி தேஞ்சிடும்.”

“சொட்டு மருந்து போட்டியா?”

“போட்டன், போட்டன். ஏறி உக்காரு.”

நான் வண்டியில் ஏறி, பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு கையால் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மற்றொரு கையில் கைபேசி. விசில் கழுத்துக் கயிற்றில். விசிலை எடுத்து இரண்டு அடித்தேன். வண்டி நகர்ந்தது. கயிறு விறைத்தது. அவன் சக்கரங்கள் உருண்டன. வேகம் ஏற ஏற ஷீட் அந்தச் சத்தத்தைப் போட ஆரம்பித்தது. பாலிஹவுஸ் வேலைக்காரர்கள் எல்லோருக்கும் பயமான சத்தம், அடியில் காற்று புகும்போது வருவது. சக்கரம் எழும்பியது. முழங்கால். இடுப்பு. ஒரு ஆள் உயரத்தில் அவன் தலைக்கவசம் என் கண்ணுக்கு நேராக மிதந்தது. அங்கேயே நின்றது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

அப்போது வலது இறக்கை தாழ்ந்தது. நுனி மனைக் கற்களை நோக்கி இறங்கியது. நான் கைபேசியை வாயருகே வைத்து, காற்று இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

“ரைட்டு! ரைட்டு! ரைட்டு!”

வண்டி சீறியது.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. முப்பத்தோரு வருடம் அந்த மனிதருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ரைட் ரைட் என்று சொல்ல, அவர் கால் ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறது. விசிலைப் பற்றி நாங்கள் பேசி வைத்தது அவர் மூளைக்குத் தெரியும். காலுக்கு யாரும் சொல்லவில்லை. நான் பதறி இன்னும் உரக்க ரைட்டு என்று கத்தினேன், ஏனென்றால் இறக்கை இன்னும் நிமிரவில்லை. அவர் இன்னும் மிதித்தார்.

இறக்கை நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்திலேயே அவன் மேலே போனான். கயிறு செங்குத்தாக ஆகிக்கொண்டே வந்தது. என் கழுத்து பின்னுக்கு மடங்க மடங்க அவன் ஏறினான். இரண்டு மாடி. மூன்று மாடி. அடியிலிருந்து பார்க்க, ஷீட் வழியாக வெயில் வெள்ளையாக இறங்கியது. விலாச் சட்டங்கள் நிழலாகத் தெரிந்தன. நான் கைபேசியைப் போட்டுவிட்டு விசிலைத் தேடினேன். அது சட்டைக்குப் பின்னால் போயிருந்தது. இழுத்து, வாயில் வைத்து, ஒன்று அடித்தேன். ஒரே ஒன்று, நீளமாக.

வண்டி கிறீச்சிட்டு நின்றது. நான் வண்டித் தளத்தில் புரண்டு கேபினில் மோதினேன். கயிறு தளர்ந்து தொங்கியது. பிறகு அதன் நுனி கீழே விழுவதைப் பார்த்தேன். பொத்தானை அழுத்திவிட்டான். பூட்டு விட்டுவிட்டது.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. எங்கள் தலைக்கு மேலே அவன் போனான். வண்டியைத் தாண்டி, சாலையின் முடிவைத் தாண்டி, மெதுவாக இடப்புறம் வளைந்தான். கைபேசி எங்கோ கிடந்தது. அவனுக்கு எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை. அவன் தலை வண்டிப் பக்கம் பார்க்கவில்லை. குனிந்திருந்தது. கீழே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று பிறகு எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நான் எண்ணவில்லை.

வளைந்து வளைந்து தணிந்து வந்தபோது இடது நுனி ஒரு மனைக் கல்லில் தட்டியது. இறக்கை மடங்கி, மொத்தமும் ஒரு பக்கமாகச் சுழன்று, தெர்மோகோல் துண்டுகள் வெள்ளையாகச் சிதறின. வளைவிலிருந்து அவன் மனைவி அதற்கு முன்பே ஓடி வந்துகொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து ஓடியவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

ஷீட்டுக்கு அடியிலிருந்து அவனை எடுத்தோம். பேச்சு இருந்தது. காரை எலும்பும், இடது மணிக்கட்டும், இரண்டு விலா எலும்புகளும் முறிந்திருந்தன என்று பிறகு தெரிந்தது. அதே குட்டி யானையில் அவனைப் படுக்க வைத்து ஓசூருக்குக் கொண்டுபோனோம். டிரைவர் முன்பு எப்போதும் ஓட்டாத அளவு மெதுவாக ஓட்டினார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நீங்கதானே சார் ரைட் குடுத்தீங்க” என்றார். “ரைட் குடுத்தா எடுக்காம இருக்க முடியுமா சார்? ரைட் குடுத்தீங்க, எடுத்தேன்.” குற்றம் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

“அவனுக்குச் சொன்னன். ரைட் சைடு தாழுதுன்னு.”

“அது எனக்கு எப்படித் தெரியும் சாமி?”

தம்பியின் மனைவி எங்களைக் கடந்து மருந்துச் சீட்டோடு போனாள். திரும்பி வந்து நின்றாள். “மூணு கெழவனுங்க. மூணு பேருக்கும் சேத்து இருநூறு வயசு. சோத்தாங்கை பீச்சாங்கைன்னு சொல்லத் தெரியல?” என்றாள். பிறகு டிரைவரிடம் ஒரு தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனாள். இருநூறு என்பது மிகை, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஆனால் அவள் சொன்ன இரண்டு சொற்களில் ஒன்று எனக்குத் தோன்றியிருந்தால் அவன் அங்கே படுத்திருக்க மாட்டான்.

சாயங்காலம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாவுக் கட்டுக்கு மேலே விரல்கள் வீங்கித் தெரிந்தன. நானே கேட்டேன், வேறு யாரும் கேட்பதாக இல்லை.

“கூரையெல்லாம் தெரிஞ்சிதாடா?”

“இல்லண்ணா. அவ்வளோ உயரம் பத்தல. மரம் மறைச்சிக்கிச்சு.”

எலும்பை முறித்துக்கொண்டு போய், பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வந்திருக்கிறான். இனி ஒரு முறை கிடையாது. இறக்கையும் இல்லை, அவள் விடவும் மாட்டாள், கண்ணும் காத்திருக்காது.

“அப்பறம் என்னாத்தப் பாத்துக்கினு இருந்த? குனிஞ்சே இருந்தியே.”



“உங்களத்தாண்ணா. ரொம்ப நாளாச்சு உன்ன முழுசாப் பாத்து. கிட்ட வந்தா மூக்கு, இல்லன்னா கையி. மேலயிருந்து தலயிலிருந்து காலு வரைக்கும் ஒண்ணா இருந்த, வாயில விசில வச்சிக்கினு. டிரைவரு கதவைத் தொறந்துக்கினு நிக்கறாரு. அவ வளைவுகிட்டயிருந்து ஓடியாறா. மூணு பேரும் ஒரே தட்டுல. அவ ஓடறதப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு.” மூச்சு விட வலித்தது, நிறுத்தினான். “நீ சோத்தாங்கைன்னு சொல்லியிருந்தா இது கெடச்சிருக்காது.”

அவனுக்கு அது போதுமா என்று எனக்குத் தெரியாது. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னானோ என்று பல நாள் சந்தேகப்பட்டேன். ஷீட்டில் கிழியாத பகுதியை வெட்டி அவன் மனைவி துணி துவைக்கும் இடத்துக்கு மேலே கட்டிக்கொண்டாள். சீட் பெல்ட் பூட்டு என் மேசையில் இருக்கிறது. அவ்வப்போது அழுத்திப் பார்க்கிறேன்.

கட்டுப் பிரித்து அவன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சாயங்காலம் நாங்கள் தெருவில் நடந்துவிட்டுத் திரும்பினோம். வாசலில் அவன் உட்கார்ந்துகொண்டான். நான் என் வீட்டுக்குப் போகக் கிளம்பியபோது கூப்பிட்டான்.

“அண்ணா. அந்த மூணாவது கம்பத்துகிட்ட போய்த் திரும்பி நில்லு.”

“என்னாத்துக்குடா?”

“நில்லேன்.”

போய் நின்றேன். மூன்றாவது விளக்குக் கம்பம், எதிரே மளிகைக் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். தம்பி முகத்தைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அசைத்தான். பிறகு அசையாமல் பார்த்தான். தெருவே கேட்கும்படி “ரைட்!” என்று குரல் கொடுத்தான்.

நான் வீட்டுக்கு நடந்தேன்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சில நாள் அவன் மனைவியையும் என்னோடு அனுப்புவான். வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். வந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் நிற்பாள். மழைக்காலம் முடிந்த பிறகு மூன்றாவது கம்பத்தில் நின்றால் அவனிடமிருந்து ரைட் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் போண்ணா, காலு அடங்கல” என்றான். நான்காவது கம்பத்துக்குப் போனோம்.

இப்போது ஐந்தாவது கம்பத்தில் நிற்கிறேன். எங்கள் தெருவில் ஏழு கம்பங்கள் இருக்கின்றன.